என்விஎம்இ ரெய்டு மக்கர் பண்ணினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வாளையாற்றிலிருந்து களியக்காவிளை வரை, தமிழக-கேரள எல்லையோர ஊர்களில் சர்வர் குளிரூட்டிய அறையில் ரேக்கில் நிற்பது அபூர்வம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவின் மாடிப்படிக்குக் கீழே, குமுளி ஏலக்காய் வியாபாரியின் கணக்கு மேசைக்கு அடியில், கஞ்சிக்கோட்டுப் பட்டறையின் ஸ்டோர் ரூமில் என்று ஒரு டவர் கேபினட் நிற்கும். உள்ளே நாலு என்விஎம்இ டிரைவ் (வேகமான ஃபிளாஷ் சேமிப்பு), மேலே அவற்றை ஒன்றாகக் கட்டும் லினக்ஸின் எம்டி ரெய்டு. அதைக் கையாளும் கட்டளை எம்டிஏடிஎம். இந்த வழிமுறை அந்தப் பெட்டிக்கானது. 2 டிபி டிரைவ் நாலு, ரெய்டு 10 (எல்லாவற்றுக்கும் ஒரு நகல், அதாவது மிரர்), கையில் கிடைப்பது 4 டிபி, உபுண்டு அல்லது டெபியன் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. கட்டளைகளும் பிழைச் செய்திகளும் உச்சரிப்பில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

கோளாறு எங்கே என்று கீழிருந்து மேலே தேட வேண்டும். ஸ்லாட், அதன் லிங்க், டிரைவ், எம்டி, ஃபைல் சிஸ்டம் என்பதே வரிசை. எந்தப் படியில் சிக்கல் என்று தெரியும்வரை படிக்கும் கட்டளைகளை மட்டும் ஓட்டுங்கள். எல்எஸ்பிசிஐ -விவி, என்விஎம்இ லிஸ்ட், என்விஎம்இ ஸ்மார்ட்-லாக், டிமெசேஜ் (டிஎம்இஎஸ்ஜி என்று அடிக்கவும்; கெர்னலின் செய்திகள்), கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட், எம்டிஏடிஎம் --டீடெயில், எம்டிஏடிஎம் --எக்ஸாமின் ஆகிய ஏழும் எதையும் எழுதாது. இவற்றின் வெளியீட்டை முதலில் ஒரு பென் டிரைவில் சேமித்துவிடுங்கள். டிரைவ் செத்து மட்டுமல்ல, பதற்றத்தில் புதிய ரெய்டு கட்டும் எம்டிஏடிஎம் --கிரியேட் அடித்தும் டேட்டா போவதுண்டு.

நாலு டிரைவ் மாட்டியாச்சு, ஒன்றுதான் தெரிகிறது

நாலு எம்.2 டிரைவ் (மெல்லிய பட்டை வடிவ டிரைவ்) ஏற்றும் கார்டுகளில் இரண்டு சாதி. விலை குறைந்த கார்டு வெறும் கம்பி வழிதான். எக்ஸ்16 (16 தடம் உள்ள) ஸ்லாட்டை நாலு எக்ஸ்4 ஆக மதர்போர்டே பிரித்துக் கொடுக்க வேண்டும். இதற்குப் பைஃபர்கேஷன் என்று பெயர். பயாஸில் அந்த ஸ்லாட்டின் அமைப்பை எக்ஸ்4எக்ஸ்4எக்ஸ்4எக்ஸ்4 என்று மாற்றாவிட்டால் முதல் டிரைவ் மட்டும் தெரியும், மற்ற மூன்றும் சாமான்போல் சும்மா இருக்கும். இரண்டாவது சாதிக் கார்டில் தடங்களைத் தானே பங்கிடும் பிசிஐஇ சுவிட்ச் சிப் இருக்கும். அதற்குப் பிரித்தல் தேவையில்லை, விலை பல மடங்கு. கடையில் "எக்ஸ்16 கார்டு" என்று மட்டும் கேட்டால் முதல் சாதியைத்தான் கொடுப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் உங்கள் போர்டின் கையேட்டில் எந்த ஸ்லாட் பிரியும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சாதாரண டெஸ்க்டாப் போர்டுகளில் எக்ஸ்8எக்ஸ்8 வரைதான் பிரிவதும் உண்டு. அப்போது இரண்டு டிரைவ்தான் தெரியும். இரண்டாவது நீள ஸ்லாட் பார்வைக்கு எக்ஸ்16, உள்ளே கம்பி எக்ஸ்4 என்பதும் சகஜம்.

பயாஸிலேயே டிரைவ் தெரிகிறது, ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது தெரியவில்லை என்றால் அது வேறு கதை. இன்டெல் போர்டில் விஎம்டி (என்விஎம்இ டிரைவ்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கும் வசதி) இயங்கினால் டிரைவ்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். இப்போதைய லினக்ஸ் கெர்னலில் விஎம்டி டிரைவர் இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலருக்கோ தனி டிரைவரைப் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். எம்டி ரெய்டு மட்டும் போதுமென்றால் விஎம்டியை அணைத்துவிடுவது நிம்மதி. விஆர்ஓசி (இன்டெலின் சொந்த ரெய்டு) வேண்டுமென்று ஆசைப்பட்டால், அதற்குப் போர்டில் செருகும் சின்னச் சாவி தனியாக வாங்க வேண்டும். ஸ்டாண்டர்டு சாவிக்கு ரெய்டு 0, 1, 10 மட்டும். ரெய்டு 5 வேண்டுமென்றால் பிரீமியம் சாவி.

இன்னும் மூன்று காரணங்கள் மீதம். எம்.2 வடிவில் சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு முறை) டிரைவும் வருகிறது. விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள், லேபிளைப் படியுங்கள். பழைய சாஸ் (சர்வர் ஹார்டு டிஸ்க்குக்கான) ரெய்டு கார்டு வைத்திருப்பவர்கள் அதிலேயே என்விஎம்இ ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டிரை-மோட் என்று போட்ட கார்டுக்குத்தான் என்விஎம்இ பாஷை தெரியும். மூன்றாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ஒரே மாடல் டிரைவ் இரண்டு மாட்டினால் ஒன்று மட்டும் வரும், டிமெசேஜில் "டூப்ளிகேட் சப்என்கியூஎன்" அல்லது "குளோபலி டூப்ளிகேட் ஐடிஸ்" என்ற செய்தி நிற்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணைத் தயாரிப்பாளர் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். டிரைவின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும், இல்லையேல் கெர்னலைப் புதுப்பிக்கவும். பல மாடல்களுக்குக் கெர்னலில் விதிவிலக்கு சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் பலிக்காவிட்டால் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிரியேட் அடித்தால் "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி"

பெரும்பாலும் அந்த டிரைவில் பழைய ரெய்டின் குறிப்பு மீதியிருக்கும். பூட் ஆகும்போதே கெர்னல் அதை எம்டி127 என்று எழுப்பி வைத்திருக்கும். எம்டிஸ்டாட்டைப் பார்த்து, அந்த எம்டி127 உண்மையிலேயே வேண்டாததுதானா என்று உறுதி செய்த பின் எம்டிஏடிஎம் --ஸ்டாப், பிறகு எம்டிஏடிஎம் --ஜீரோ-சூப்பர்பிளாக், பிறகு வைப்எஃப்எஸ் -ஏ. பின்னிரண்டும் திரும்பி வராத வேலை. டிரைவின் சீரியல் எண்ணைக் காகிதத்தில் எழுதி ஒத்துப் பார்க்காமல் செய்ய வேண்டாம்.

சீரியல் எண்ணை வலியுறுத்தக் காரணம் உண்டு. என்விஎம்இ0, என்விஎம்இ1 என்ற எண் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். மல்டிபாத் (ஒரே டிரைவுக்குப் பல வழி) இயங்கும் கெர்னலில் என்விஎம்இ0 என்ற கன்ட்ரோலரும் என்விஎம்இ0என்1 என்ற பெயரும் வெவ்வேறு டிரைவைக் குறிப்பதுகூட உண்டு. /டெவ்/டிஸ்க்/பை-ஐடி என்ற இடத்தில் மாடலும் சீரியலும் சேர்ந்த பெயர் இருக்கிறது. அதை மட்டும் நம்புங்கள். எம்.2 டிரைவ் முகத்தில் விளக்கும் கிடையாது. மாட்டும்போதே சீரியலின் கடைசி நாலு எழுத்தைக் கார்டின் விளிம்பில் ஒட்டி வைத்தால், ராத்திரி பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் தப்பான டிரைவைக் கழற்ற மாட்டீர்கள்.

எம்டி0 என்று கட்டினேன், ரீபூட்டில் எம்டி127 ஆகிவிட்டது

கான்ஃபிக் எழுதவில்லை. எம்டிஏடிஎம் --டீடெயில் --ஸ்கேன் கொடுக்கும் வரியை எம்டிஏடிஎம்.கான்ஃப் கோப்பில் சேர்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டுங்கள். ரெட் ஹேட் வழி வந்தவற்றில் டிராகட் -எஃப். முதல் வேலையைச் செய்து இரண்டாவதை மறப்பதுதான் வழக்கம். பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் தொகுப்புக்குள் இருக்கும் பிரதி. எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எம்டி0 என்று எழுதாமல் யூயூஐடி என்ற மாறாத அடையாள எண்ணை எழுதினால் பெயர் மாறினாலும் மவுன்ட் ஆகும்.

வேகம் வரவில்லை

எந்த வேகம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விதமான மெதுவுக்கும் வேறு வேறு மருந்து.

படிப்பதே மெதுவாக இருந்தால் லிங்கைப் பாருங்கள். எல்எஸ்பிசிஐ -விவி வெளியீட்டில் ஒவ்வொரு டிரைவுக்கும் லிங்க்-கேப், லிங்க்-ஸ்டா என்று இரண்டு வரி. முதலாவது டிரைவின் தகுதி, இரண்டாவது இப்போது ஓடும் நிலை. ஜென் 3 (பிசிஐஇயின் மூன்றாம் தலைமுறை) என்றால் 8 ஜிடி, ஜென் 4 என்றால் 16 ஜிடி. அகலம் எக்ஸ்4 இருக்க வேண்டும். "டவுன்கிரேடட்" என்று பக்கத்தில் எழுதியிருந்தால் டிரைவைக் கழற்றி, தங்க விரல்களை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி மாட்டுங்கள். குமுளி, பீருமேடு பக்கம் மழைக்காலத்தில் ஈரம் படிந்து இந்தக் கோளாறு வருவது சாதாரணம். ரைசர் கேபிள் (ஸ்லாட்டை நீட்டும் கேபிள்) வழியாக ஜென் 4 ஓட்டினால் அதுவே காரணமாக இருக்கலாம். பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று கட்டிப்போட்டுச் சோதியுங்கள். எக்ஸ்4 லிங்கில் ஜென் 3 ஏட்டளவில் விநாடிக்கு 3.9 ஜிபி, கையில் 3.5 ஜிபி சொச்சம். கடையின் 10 ஜிகாபிட் நெட்வொர்க்கே 1.25 ஜிபிதான் தாங்கும் என்னும்போது ஜென் 4 போனதற்கு அழ வேண்டியதில்லை.

லிங்க் எல்லாம் சரி, நாலும் சேர்ந்து ஓடும்போது மட்டும் வேகம் ஏறவில்லை என்றால், சில டிரைவ்கள் சிப்செட் வழியாகப் போகின்றன. சிப்செட்டுக்குக் கீழே எத்தனை எம்.2 தொங்கினாலும் பிராசஸருக்குப் போகும் பாதை ஒன்றுதான். இன்டெலில் அந்தப் பாதைக்கு டிஎம்ஐ என்று பெயர். டிஎம்ஐ 3.0 போர்டுகள் பலவற்றில் அந்தப் பாதை முழுவதுமே ஜென் 3 எக்ஸ்4 அளவு.

எழுதும்போது முதலில் பறந்து, நூறு இருநூறு ஜிபி தாண்டியதும் தடாலென்று விழுந்தால் அது எஸ்எல்சி கேஷ் தீர்ந்ததன் அடையாளம். வீட்டு ரக டிரைவ்கள் தம் செல்களில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் வேகமாக நிரப்பும். அது நிறைந்ததும் உண்மையான டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) அல்லது க்யூஎல்சி (செல்லுக்கு நாலு பிட்) வேகம் வெளியே வரும். க்யூஎல்சி டிரைவ் அந்த நிலையில் பழைய ஹார்டு டிஸ்க்கோடு போட்டி போடும். ரெய்டில் எந்தச் சரிசெய்தலும் இதற்கு உதவாது. நாலு கல்யாணத்தின் 4கே காட்சியை ஒரே ராத்திரியில் கொட்டும் ஸ்டுடியோக்கள் க்யூஎல்சி பக்கமே போக வேண்டாம். ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப்பை மாற்றி விற்பதும் இந்தத் தொழிலில் உண்டு என்பதால், புது டிரைவை ரெய்டில் சேர்க்கும் முன் எஃப்ஐஓ என்ற சோதனை நிரல் கொண்டு ஒரு முறை முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் பார்ப்பது நல்லது.

பெரிய கோப்பு வேகமாக இருக்கிறது, கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் மட்டும் ஊர்கிறது என்றால் காரணம் எஃப்சிங்க். ஒவ்வொரு பில்லுக்கும் டேட்டாபேஸ் "நிஜமாகவே எழுதியாச்சா?" என்று கேட்கும். மின்வெட்டைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரக டிரைவ் கேஷில் விழுந்ததுமே ஆமாம் என்று தைரியமாகச் சொல்லும். அது இல்லாத டிரைவ் ஃபிளாஷில் எழுதி முடித்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல். டேட்டாபேஸுக்கு இரண்டே இரண்டு சர்வர் ரக டிரைவில் ஒரு ரெய்டு 1 போதும், வீடியோவுக்கு மலிவான நாலு தனியாக. எல்லாவற்றுக்கும் ஒரே ரெய்டு என்று பிடிவாதம் வேண்டாம்.

ரெய்டு 5 கட்டியவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஒரு சிறிய எழுத்துக்குப் பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் (இழந்ததை மீட்க உதவும் கூடுதல் தகவல்) படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். அதாவது ஒன்றுக்கு நாலு வேலை. அதோடு இயல்பு நிலையில் எம்டி இந்தக் கணக்கை ஒரே கெர்னல் திரெட்டில் ஓட்டுகிறது. எம்டி0 அடியில் குரூப்_திரெட்_சிஎன்டி என்ற மதிப்பை 0-இலிருந்து 4 ஆக்குங்கள். ஸ்ட்ரைப்_கேஷ்_சைஸ் 256 இருக்கும், 8192 ஆக்குங்கள். நாலு டிரைவுக்கு இது 8192 × 4 கேபி × 4, அதாவது 128 எம்பி ராம் பிடிக்கும். இரண்டும் ரீபூட்டில் மறைந்துவிடும் என்பதால் யூடெவ் விதியாகவோ சிஸ்டம்டி சர்வீஸாகவோ எழுதி வையுங்கள்.

கடைசியாக ரீபில்டு, அதாவது மாற்றிய டிரைவுக்கு டேட்டாவை மறுபடி நகலெடுப்பது. 2 டிபி மிரர் சுமார் 2 மணி 47 நிமிடம் எடுக்கிறது, என்விஎம்இக்கு இது என்ன வேகம் என்று தோன்றும். விநாடிக்கு 200 எம்பி என்பது கெர்னல் போட்ட வேலி. ஸ்பீடு_லிமிட்_மேக்ஸ் மதிப்பு 200000 கேபி என்று இருக்கும். கடை சாத்திய பின் 2000000 ஆக்கினால் வேலி போய்விடும். பகலில் அப்படியே இருக்கட்டும், பில் போடுபவர்கள் திட்டாமல் இருப்பார்கள். வேலியைத் தூக்கும்போது டிரைவின் சூட்டையும் கவனிக்க வேண்டும்.

காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் விழுகிறது

பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் வெளியே 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையில், மூடிய கேபினட்டுக்குள் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எம்.2 டிரைவ் முழு வேகத்தில் 8 வாட் வரை சூடாகும். நாலும் ஒரே கார்டில் ஒட்டி நிற்கின்றன.

என்விஎம்இ ஸ்மார்ட்-லாக்கில் இப்போதைய வெப்பநிலையோடு நிற்காதீர்கள். "வார்னிங் டெம்பரேச்சர் டைம்", "கிரிட்டிக்கல் காம்போசிட் டெம்பரேச்சர் டைம்" என்ற இரண்டும் இதுவரை எத்தனை நிமிடம் எல்லை தாண்டியது என்று சொல்லும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்துக் கழித்தால் மத்தியானத்தின் கதை தெரிந்துவிடும். அந்த டிரைவின் எல்லை எத்தனை டிகிரி என்பது என்விஎம்இ ஐடி-சிடிஆர்எல் வெளியீட்டில் டபிள்யூசிடெம்ப், சிசிடெம்ப் என்று கெல்வினில் இருக்கும். 273 கழித்துக்கொள்ளுங்கள்.

ஹீட்சிங்க் இருந்தும் சூடேறுகிறதா? கழற்றிப் பாருங்கள். தெர்மல் பேடின் மேல் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் ஒட்டியிருப்பது நினைப்பதைவிட அதிகம். இரண்டு பக்கமும் சிப் உள்ள டிரைவ் என்றால் அடியிலும் பேடு வேண்டும். முன்பக்கம் 120 மிமீ ஃபேன் ஒன்று கார்டை நோக்கி வீசினாலே பெரிய மாற்றம் தெரியும். அந்தப் பக்கத்துக் காற்றில் புழுதி அதிகம், ஆகவே ஃபில்டரை மாதம் ஒரு முறை தட்டுங்கள்.

டிரைவ் திடீரென்று காணோம், ரீபூட் செய்தால் திரும்பி வருகிறது

டிமெசேஜில் "கன்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்" என்றும், பக்கத்தில் சிஎஸ்டிஎஸ் என்ற மதிப்பு 0 எக்ஸ் என்பதற்குப் பின் எட்டு எஃப் என்றும் இருந்தால், டிரைவ் பதில் சொல்லவில்லை என்று பொருள். அதாவது பிசிஐஇ பஸ்ஸிலிருந்தே விலகிவிட்டது. இதை "டிரைவ் போச்சு" என்று முடிவு கட்டி மாற்றுவதற்கு முன், மின்சிக்கன நிலையைச் சந்தேகியுங்கள். சில டிரைவ்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் எழுவதில்லை. கெர்னலே அந்தச் செய்தியின் அடியில் மருந்து எழுதித் தரும். என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0, பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்ற இரண்டையும் கிரப் (பூட் ஏற்றி) வரியில் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்து, ஒரு வாரம் பாருங்கள்.

அதன் பிறகும் போனால், எப்போது போகிறது என்பதே துப்பு. சும்மா இருக்கும்போது போனால் மின்சிக்கனம். பாரம் ஏறும்போது போனால் சூடு அல்லது பவர் சப்ளை. எப்போதும் ஒரே டிரைவ் போனால், அதையும் பக்கத்து டிரைவையும் இடம் மாற்றுங்கள். கோளாறு டிரைவோடு நகர்ந்தால் டிரைவ், இடத்தோடு தங்கினால் ஸ்லாட். ரெய்டு குறிப்பு டிரைவுக்குள் இருப்பதால் இடம் மாற்றினாலும் எம்டி அடையாளம் கண்டுகொள்ளும். பெட்டியை அணைத்து, பிளக்கை எடுத்த பிறகு மட்டும் செய்யுங்கள். எம்.2 ஓடும்போது கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

திரும்பி வந்த டிரைவை எம்டிஏடிஎம் --ரீ-ஆட் கொண்டு சேருங்கள். பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால் மாறிய பகுதி மட்டும் நகலாகிச் சில நிமிடங்களில் முடியும். பிட்மேப் இல்லையென்றால் எம்டிஏடிஎம் --குரோ --பிட்மேப்=இன்டெர்னல் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கறண்ட் போய் வந்தது, ரெய்டு "இன்ஆக்டிவ்"

ஐப்பசி மழையை அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். இடி வெட்டத் தொடங்கியதும் வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடும் நல்ல பழக்கம் கேரளத்தில் உண்டு. அந்த நல்ல பழக்கத்தில் யூபிஎஸ்ஸின் பிளக்கும் போகும், பேட்டரி தீரும், சர்வர் அப்படியே விழும். யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யூஎஸ்பி கேபிள் மாட்டி, நட் மென்பொருள் மூலம் பேட்டரி பாதிக்கு இறங்கினால் தானாக ஷட்டவுன் ஆகும்படி வைப்பதே இதற்குத் தடுப்பு. வீட்டு இன்வெர்ட்டர் யூபிஎஸ் ஆகாது. அது மாறும் இடைவெளியில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும்.

விழுந்தாயிற்று, இப்போது என்ன? எம்டிஸ்டாட்டில் இன்ஆக்டிவ் என்று, ஒவ்வொரு டிரைவுக்குப் பக்கத்திலும் எஸ் என்ற எழுத்தோடு நிற்கும். எம்டிஏடிஎம் --எக்ஸாமின் நாலு டிரைவுக்கும் ஓட்டி, ஈவென்ட்ஸ் (ரெய்டின் நிலை மாற்றங்களின் கணக்கு) என்ற எண்ணை நாலையும் ஒரு தாளில் எழுதுங்கள். முடிவெடுக்க வேண்டியது இந்த எண்களை வைத்துத்தான்.

நாலும் சமம் என்றால் எம்டிஏடிஎம் --ஸ்டாப் அடித்து, --அசெம்பிள் --ஸ்கேன் அடித்தால் எழுந்துவிடும். மூன்று சமம், ஒன்று பின்தங்கியிருக்கிறது என்றால் அந்த ஒன்றை விட்டுவிட்டு --அசெம்பிள் --ரன் கொண்டு மூன்றோடு எழுப்பி, பின் அதை --ரீ-ஆட் செய்யுங்கள். ஒன்றுக்கு மேல் பின்தங்கியிருந்து, வித்தியாசம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் --அசெம்பிள் --ஃபோர்ஸ் பொதுவாகக் காப்பாற்றும். கார்டு தளர்ந்து நாலும் அடுத்தடுத்த கணத்தில் விழுந்த வழக்குகள் இப்படித்தான் இருக்கும். வித்தியாசம் ஆயிரக்கணக்கில் என்றால் அந்த டிரைவ் எப்போதோ ரெய்டைவிட்டு விலகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அதில் இருப்பது பழைய டேட்டா. ஃபோர்ஸ் செய்து அதை உள்ளே இழுத்தால் புதுசும் பழசும் கலந்துவிடும். அந்த நிலையில் எல்லா டிரைவையும் டிடிரெஸ்கியூ கொண்டு வேறு இடத்துக்கு நகலெடுத்து, நகலின் மேல் மட்டும் முயற்சி செய்யுங்கள்.

எந்த வழியில் எழுந்தாலும் முதல் மவுன்ட் ரீட்-ஒன்லி. இஎக்ஸ்டி4 என்றால் எஃப்எஸ்சிகே -என், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என். இரண்டும் குறை சொல்லும், கை வைக்காது. பட்டியல் நீளமாக இருந்தால் முதலில் டேட்டாவை வெளியே எடுத்துவிட்டுப் பிறகு ரிப்பேர்.

--கிரியேட் ஏன் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிரைவின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி டேட்டா ஆரம்பிக்கிறது என்ற டேட்டா ஆஃப்செட், எம்டிஏடிஎம்மின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. டிரைவ்களின் வரிசை ஒன்று மாறினாலும் போச்சு. இரண்டும் தற்செயலாகச் சரியாக அமைந்தாலும், கிரியேட் ஆனதும் ரீசிங்க் தொடங்கி ஒரு டிரைவின் மேல் இன்னொன்றை எழுதத் தொடங்கிவிடும்.

ரெய்டு 5-இல் கூடுதல் ஆபத்து ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரமும் போய், ஒரு டிரைவும் வராவிட்டால் "டர்ட்டி டிகிரேடட்" என்று சொல்லி எம்டி எழ மறுக்கும். பாரிட்டியும் டேட்டாவும் ஒத்துப்போகாத ஓட்டை எங்கோ இருக்கலாம் என்ற பயம் அதற்கு. பயம் நியாயமானது. --ஃபோர்ஸ் எழுப்பும், ஆனால் எந்தக் கோப்பில் ஓட்டை என்று சொல்லாது. பாரிட்டி மாற்றத்தைக் குறித்து வைக்கும் பிபிஎல் என்ற வசதியை முன்கூட்டியே இயக்கியிருந்தால் இந்த ஓட்டை அடைபடும், எழுதும் வேகம் குறையும். இடி இறங்கும் ஊரில் நாலு டிரைவுக்கு ரெய்டு 10 போடுங்கள் என்பதே எங்கள் கட்சி.

ரெய்டு 10-இலும் ஒரு நுணுக்கம் உண்டு. இயல்பான நியர்-2 அமைப்பில் முதல் இரண்டு டிரைவ் ஒரு ஜோடி, அடுத்த இரண்டு ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒன்று போனால் ஓடும், ஒரே ஜோடியில் இரண்டும் போனால் முடிந்தது. இரண்டு கார்டு வைத்திருந்தால், ஒரு ஜோடியின் இரண்டு டிரைவும் ஒரே கார்டில் அமராதபடி கட்டுங்கள். கார்டே போனாலும் ரெய்டு நிற்கும்.

மாற்று டிரைவ் சேரமாட்டேன் என்கிறது

"நாட் லார்ஜ் இனஃப் டு ஜாயின் அரே". 1 டிபி என்று விற்கும் டிரைவ் பலவற்றில் சரியாக 1,000,204,886,016 பைட் இருக்கும். ஆனால் 960 ஜிபி, 1000 ஜிபி, 1024 ஜிபி என்று சந்தையில் எல்லாமே "ஒரு டிபி"தான். முழு டிரைவையும் ரெய்டுக்குக் கொடுத்தவர்களுக்கு அடுத்த கம்பெனியின் டிரைவ் சில எம்பி குறைந்தாலும் சேராது. கட்டும்போதே பார்டிஷன் போட்டு, கடைசியில் 1 ஜிபி விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு வாளையாறு தாண்டிக் கோயமுத்தூர் போனால் அதே அளவில் எந்தக் கம்பெனி டிரைவ் கிடைத்தாலும் வாங்கி மாட்டலாம். 1000-க்குப் பதில் 960 மட்டும் சேராது.

செக்டர் அளவும் ஒத்துப்போக வேண்டும். என்விஎம்இ ஐடி-என்எஸ் வெளியீட்டில் 512-ஆ 4096-ஆ எது இயங்குகிறது என்று பாருங்கள். புது டிரைவை என்விஎம்இ ஃபார்மேட் மூலம் மாற்றலாம், அது டிரைவை முழுக்க அழித்துவிடும். பழைய டிரைவ் இன்னும் உயிரோடு இருந்தால் --ஃபெயில் அடித்துவிட்டுச் சேர்ப்பதைவிட, புதியதை --ஆட் செய்து, --ரிப்ளேஸ் --வித் கொண்டு மாற்றுவது மேல். நகல் முடியும்வரை மிரர் உடையாமல் இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் மெதுவு

கோளாறில்லை. டெபியன் வழி அமைப்புகளில் அன்று நள்ளிரவு தாண்டியதும் ரெய்டு முழுவதையும் ஒத்துப் பார்க்கும் வேலை தானாகத் தொடங்கும். கல்யாண சீசனில் ஞாயிறு வேலை நாள் என்றால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள், நிறுத்திவிட வேண்டாம். முடிந்த பின் மிஸ்மேட்ச்_சிஎன்டி பூஜ்யமாக இல்லாவிட்டால், ரெய்டு 1, 10-இல் ஸ்வாப் கோப்பாலோ, டிரிம் செய்த காலி இடத்தாலோ சின்ன எண் வருவது உண்டு. ரெய்டு 5-இல் வந்தால் சும்மா விடக்கூடாது.

ஒரு டிரைவ்தான் போனது, மெஷினே பூட் ஆகவில்லை

டேட்டாவுக்கு மிரர் இருந்தது, பூட் பார்டிஷனுக்கு இல்லை. இஎஃப்ஐ பார்டிஷன் ஒரே டிரைவில் இருந்து, அந்த டிரைவே போயிருக்கும். இரண்டாவது டிரைவிலும் அதே அளவில் ஒன்று வைத்து, உள்ளடக்கத்தை நகலெடுத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் மூலம் இரண்டாவது பூட் வரி சேருங்கள். அதை ரெய்டு 1 ஆக்க நினைத்தால் மெட்டாடேட்டா 1.0 மட்டும். அது ரெய்டு குறிப்பைக் கடைசியில் எழுதும். 1.2 தொடக்கத்தில் எழுதுவதால் மதர்போர்டுக்கு அது ஃபேட் பார்டிஷனாகவே தெரியாது. கட்டி முடித்ததும் ஒவ்வொரு டிரைவாகக் கழற்றி, நாலு முறை பூட் செய்து பாருங்கள்.

டிரைவ் போய் மூன்று மாதம், யாருக்கும் தெரியாது

எம்டிஏடிஎம்.கான்ஃபில் மெயில்ஏடிடிஆர் (மின்னஞ்சல் முகவரி) வரி காலியாக இருக்கும், அல்லது சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருளே இருக்காது. எம்எஸ்எம்டிபி போன்ற சின்ன அனுப்பி ஒன்று போட்டு, எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட் ஓட்டுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனைக் கடிதம் வர வேண்டும், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். எம்டி, டிரைவ் செத்த பின்புதான் எழுதும். சாவதற்கு முன் தெரிய, டிரைவின் உடல்நிலையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்-டி என்ற நிரல் இயங்க வேண்டும். கிரிட்டிக்கல் வார்னிங் 0 அல்லாமல் போவது, மீடியா எரர் ஏறுவது, அவைலபிள் ஸ்பேர் 100-இலிருந்து இறங்கத் தொடங்குவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் மாற்று டிரைவுக்கு ஆர்டர் போடுங்கள். பெர்சன்டேஜ் யூஸ்டு 100 தாண்டினால் உடனே செத்துவிடாது. நாலு டிரைவும் ஒரே நாளில் வாங்கியவை என்றால் நாலும் சேர்ந்தே அங்கே வந்து சேரும், ஆகவே 80 ஆகும்போதே ஒன்றை மாற்றி வயதைக் கலைத்துவிடுங்கள்.